பேர் இருந்தாலும் உரிமை வராது: கல்யாணத்தை ரெஜிஸ்டர் செய்யாத அப்பாக்களுக்கு

மலேசியப் பிறப்புப் பத்திரத்தில் அப்பா கட்டத்தில் பெயர் இருக்கிறது, ஐசி (அடையாள அட்டை) நம்பரும் சரியாக இருக்கிறது. பிறகென்ன என்று ஃபைலில் வைத்துவிடுகிறோம். ஏழு வருடம் கழித்து ஸ்கூல் சேர்க்கப் போகும்போதோ, அம்மாவும் அப்பாவும் முகம் பார்க்காத நிலை வந்த பிறகோ எடுத்துப் படித்தால்தான் 'பெர்மொஹொனான் செக்‌ஷென் 13' (13-ஆம் பிரிவின்படி விண்ணப்பம்) என்ற குறிப்பு கண்ணில் படும். அதற்குப் பொருள் இதுதான்: இந்தப் பிள்ளை பிறந்தபோது தாய்தகப்பன் சட்டப்படி கணவன் மனைவி இல்லை. 'நான்தான் அப்பா' என்று ஒருவர் அம்மாவோடு சேர்ந்து வந்து கேட்டுக்கொண்டார், அதனால் அவர் பெயரைப் போட்டோம். பிள்ளைமேல் அவருக்கு உரிமை உண்டு என்று அந்தத் தாள் எங்கேயும் சொல்லவில்லை.

கல்யாணம் ஆகாத அப்பா என்றதும் ஓடிப்போனவன், ஏமாற்றியவன் என்றுதான் நினைப்பு போகும். கேஎல்லிலும் (கோலாலம்பூர்) பினாங்கிலும் இந்தச் சிக்கலோடு வருகிறவர்களைப் பார்த்தால் கதை வேறு. ஊரறியத் தாலி கட்டியவர்கள். மண்டபம், நாதஸ்வரம், ஐயர், வீடியோ எல்லாம் உண்டு. விட்டுப்போனது ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) கவுண்டர் மட்டும். 'ரெஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில் பத்து வருடம் ஓடியிருக்கும்.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆக்ட் 164. அது நடைமுறைக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அந்தத் தேதிக்கு முன் நம் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்களைச் சட்டம் பதிவானதாகவே எடுத்துக்கொண்டது. 'எங்க பாட்டி தாத்தாவுக்கு மட்டும் சர்ட்டிபிகேட் இருந்துச்சா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். 1982-க்குப் பிறகு தாலி, மாலை, அக்கினி எதுவும் தனியாகச் சட்டத்தில் கல்யாணம் ஆகாது. திருமணப் பதிவதிகாரி அல்லது துணைப் பதிவதிகாரி முன்னிலையில், அதற்கான அனுமதிச் சான்றோடு நடந்தால்தான் ஆகும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சில கோயில்களில் துணைப் பதிவதிகாரியாக அரசு நியமித்தவர் இருக்கிறார். அங்கே சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் எல்லாக் கோயிலிலும் அப்படி இல்லை. கோயில் லெட்டர்ஹெட்டில் முத்திரை குத்திக் கொடுக்கிற 'திருமணச் சான்றிதழ்' பார்க்க அழகாக இருக்கும், ஃபிரேம் போட்டு மாட்டலாம், ஜேபிஎன் கவுண்டரில் அது வெறும் தாள். உங்கள் கையில் இருப்பது எது என்ற சந்தேகம் இருந்தால் ஜேபிஎன்னில் உங்கள் ஐசியைக் கொடுத்துத் திருமண நிலையைக் கேளுங்கள். இரண்டு பேர் பெயரிலும் 'புஜாங்' (கல்யாணம் ஆகாதவர்) என்று வந்தால் விஷயம் தெரிந்துபோகும்.

அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஒரு சிறு கதவு இருக்கிறது. கல்யாணம் சட்டப்படி செல்லாததாக இருந்தாலும், அது நடந்தபோது இருவரோ ஒருவராவதோ அதைச் செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால், பிள்ளையைச் சட்டப்படி பிறந்ததாகக் கொள்ள இடமுண்டு. கவுண்டரில் இதைச் சொல்லிப் பயனில்லை, கோர்ட்டில் வாதாட வேண்டிய பேச்சு. ரெஜிஸ்டர் செய்யவில்லை என்று தெரிந்தே தள்ளிப்போட்டவர்களுக்கு இந்த வாதம் நிற்பது கஷ்டம். கல்யாணப் பத்திரிகை, படங்கள், ஐயரின் வாக்குமூலம் இருந்தால் லாயரிடம் காட்டுங்கள். ஆனால் இதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பிள்ளை பிறந்த 60 நாள்

பிறப்பைப் பதிய 60 நாள் தருகிறார்கள். பதிவுத் திருமணம் ஆனவர்களுக்கு ஒருவர் போனாலே வேலை முடியும். ஆகாதவர்களுக்கு அப்படி இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், ஆக்ட் 299-இன் 13-ஆம் பிரிவு, அப்பா பெயர் ஏற வேண்டுமென்றால் அம்மாவும் அவரும் சேர்ந்து கேட்டு, இருவரும் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. அம்மா தனியாகப் போய் 'இவர்தான் அப்பா' என்றாலும் போடமாட்டார்கள். அப்பா தனியாகப் போனாலும் அப்படியே. எந்த ஆணையும் 'நீதான் அப்பா, வந்து பதிவு செய்' என்று கவுண்டரில் கட்டாயப்படுத்தவும் முடியாது.

போகும்போது இருவர் ஐசியும் ஒரிஜினல், ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்பு உறுதிச் சீட்டு, அம்மாவின் கர்ப்பகால கிளினிக் புத்தகம், நிரப்பிய ஜேபிஎன்.எல்எம்01 பாரம். அம்மா பத்தியத்தில் இருக்கிறாள், வெளியே வரக்கூடாது என்று பாட்டி சொல்லுவார். நாற்பது நாள் கழித்துப் போனாலும் 60 நாளுக்குள் வரும், பிரச்சனை இல்லை. பிரச்சனை எங்கே வருகிறதென்றால், அதற்குள் சண்டை வந்து அம்மா தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதில்தான். அப்போது அம்மா மட்டும் போய்ப் பதிந்துவிடுவார், அப்பா கட்டம் காலியாகும். பிறகு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி இருவரும் வர வேண்டும், விளக்கம் எழுத வேண்டும், டிஎன்ஏ வரை போகலாம். காலம் கடந்த பதிவுக்கும் இதே கதை, விசாரணை கூடுதல்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்பதற்குப் பின்னால் வரும். 13ஏ பிரிவுப்படி, தன்னை அப்பா என்று பதிவில் ஒப்புக்கொண்டவர் கேட்டால் அவர் பெயரைப் பிள்ளை பெயரோடு சேர்க்கலாம். கேட்காவிட்டால் சேராது. பாரம் நிரப்பும்போதே இதை எழுதுங்கள். அச்சான பத்திரத்தை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். சுப்ரமணியத்தின் ரோமன் எழுத்துக்கு எத்தனை வடிவம் உண்டென்று நமக்குத் தெரியும். உங்கள் ஐசியில் உள்ளதுதான் பத்திரத்திலும் இருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிசகு பிற்பாடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கவுண்டரில், கோர்ட்டில், பாஸ்போர்ட்டில் மூன்று தடவை உங்களை நிறுத்தும்.

பெயர் இருக்கிறது. பிள்ளை யாரிடம்?

பதிவுத் திருமணம் ஆன தாய்தகப்பனுக்குப் பிள்ளைமேல் சம உரிமை. 1961-ஆம் ஆண்டின் கார்டியன்ஷிப் சட்டத்தை 1999-இல் திருத்தி அம்மாவையும் அப்பாவுக்குச் சமமாக்கினார்கள். அந்தச் சமத்துவத்தில் ரெஜிஸ்டர் செய்யாத அப்பாவுக்கு இடம் கிடைப்பதில்லை. அவர் பிள்ளையைப் பொறுத்தவரை சட்டம் முதலில் பார்ப்பது அம்மாவை. பிள்ளை அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பது தொடக்கப்புள்ளி. அப்பா மாற்ற நினைத்தால் காரணத்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

போக வழி இருக்கிறது. ஹை கோர்ட்டுக்குக் குழந்தைகளுக்குப் பாதுகாவலரை நியமிக்கவும், பிள்ளையின் உடல், சொத்து பற்றி முடிவெடுக்கவும் அதிகாரம் உண்டு. 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதைத் தருகிறது. ரெஜிஸ்டர் செய்யாத அப்பாக்கள் தட்டுகிற கதவு இதுதான். கேஎல்லில் ஜாலான் டூத்தா கோர்ட் கட்டடம், பினாங்கில் லைட் ஸ்ட்ரீட். கோர்ட் பார்ப்பது ஒன்றே ஒன்று, பிள்ளையின் நலன். யார் தப்பு செய்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் அப்பாக்கள் செய்கிற பெரிய தப்பு, முழு கஸ்டடி கேட்டு ஆரம்பிப்பது. லாயர் பணம் போகும், இரண்டு குடும்பத்தின் அழுக்கும் அஃபிடவிட்டில் ஏறும், கடைசியில் கையில் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதலில் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். கேட்கும்போது மொட்டையாக 'நியாயமான சந்திப்பு' என்று எழுதவிடாதீர்கள். நியாயம் எது என்று அடுத்த சனிக்கிழமையே சண்டை வரும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பு, யார் வந்து கூட்டிப்போகலாம், தாமதமானால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, தீபாவளியும் பொங்கலும் எந்த வருடம் யாரிடம், நீண்ட பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், வாரநாளில் வீடியோ கால் எத்தனை மணிக்கு, இவ்வளவும் இருக்க வேண்டும். 'சனி காலை 10 மணி, அம்மா இருக்கும் அபார்ட்மென்ட் கார்ட்ஹவுஸ் முன்னால்' என்று எழுதிய உத்தரவில் வாதத்துக்கு இடமில்லை.

கோர்ட்டில் பேசுவது பாசமல்ல, தாள். கிளினிக்குக்குத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனது யார், தஸ்கா (குழந்தைக் காப்பகம்) பணம் யார் கட்டினார், ஸ்கூலில் அவசரத் தொடர்பு எண் யாருடையது, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து யாருடையது. பிள்ளையோடு ஒரே முகவரியில் இருந்ததற்கு டெனாகா (மின்சார) பில்லும் வாடகை ஒப்பந்தமும் நல்ல சாட்சி. பிள்ளை பிறந்த நாளிலிருந்து இவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைப்பவர் மிகக் குறைவு. நல்லபடியாக வாழ்கிற காலத்தில் யார் ரசீது சேர்ப்பார்கள்?

இன்னொன்று. அம்மா பார்க்க விடவில்லை என்று ஸ்கூல் வாசலில் இருந்து பிள்ளையைத் தூக்கிப்போகிறவர்கள் உண்டு. பீனல் கோட்டின் 361-ஆம் பிரிவில், தான்தான் அப்பா என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறவருக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்று காப்பிக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். விலக்கு இருப்பது உண்மைதான். அது கடத்தல் குற்றச்சாட்டுக்கு எதிரான ஒரு தற்காப்பு, பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை அல்ல. மறுநாளே அம்மா ஹை கோர்ட்டில் அவசர மனு போட்டால், தூக்கிப்போன அந்த ஒரு காரியமே உங்கள் கேஸைக் கெடுக்கும்.

யோசிக்கவே பிடிக்காத நிலைமை அம்மா இறந்துபோவது. ஒரே வீட்டில் பத்து வருடம் வாழ்ந்த அப்பாவாக இருந்தாலும், உத்தரவு இல்லாமல் அவர் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அம்மாவின் அம்மா, 'பேத்தி என்கிட்ட இருக்கட்டும்' என்றால் அது வெறும் குடும்பப் பேச்சு அல்ல, அவரும் கோர்ட்டுக்குப் போகலாம். அதனால் அம்மா உயிரோடு, நல்ல உறவோடு இருக்கும்போதே ஒரு உயில் எழுதி, பிள்ளைக்கு அப்பாவே பாதுகாவலராக இருக்க வேண்டும் என்ற தன் விருப்பத்தைப் பதிவு செய்துவைத்தால் கோர்ட்டில் அது வலுவாகப் பேசும். அவர் மறைந்த பிறகு இறப்புப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அந்த உயில் மூன்றையும் எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் பாதுகாவலர் உத்தரவுக்குப் போங்கள். காரியம் முடிந்து ஆறு மாதம் ஆகட்டும் என்று விட்டால், பிள்ளை அந்த ஆறு மாதமும் யாரிடம் இருந்ததோ அவர் பக்கம் தராசு சாய்ந்திருக்கும்.

சட்டம் இந்த அப்பாவை எவ்வளவு தள்ளி வைக்கிறது என்பதற்கு ஒரு சின்ன இடம். பிள்ளை வளர்ந்து 21 வயதுக்குள் கல்யாணம் செய்ய விரும்பினால் ஆக்ட் 164 பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பொதுவாகக் கேட்பது அப்பாவின் சம்மதத்தை. 'தக் சா தாராஃப்' (கல்யாணத்துக்கு வெளியே பிறந்த) பிள்ளையாக இருந்தால் அம்மாவின் சம்மதத்தை. கன்னிகாதானம் செய்து கொடுக்கிற அப்பாவிடம் சட்டம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

உரிமை குறைவு, செலவு குறைவில்லை

1950-ஆம் ஆண்டு முதல் இருக்கிற ஜீவனாம்சச் சட்டம், ஆக்ட் 263, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் குறிப்பிட்டே சொல்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அப்பா கொடுக்காமல் விட்டால், மாதம் இவ்வளவு என்று கோர்ட் உத்தரவு போடலாம். அவர்தான் அப்பா என்று நிரூபிக்க வேண்டும். 13-ஆம் பிரிவில் போட்ட கையெழுத்து அதற்கு நல்ல சாட்சி. கையெழுத்து இல்லாத இடத்தில் டிஎன்ஏ பேச்சு வரும். சோதனைக்கு வர மறுப்பதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள கோர்ட்டுக்கு இடமுண்டு. உத்தரவு வந்த பிறகும் கட்டாவிட்டால் சம்பளத்திலேயே பிடித்துத் தரச் சொல்லி மனு போடலாம்.

தொகை கேட்கும் அம்மாக்கள் 'மாதம் ஆயிரம் வெள்ளி' என்று சுற்று எண் சொல்கிறார்கள். அது நிற்காது. மூன்று மாத ரசீதை வைத்துக்கொண்டு பால் மாவு, பெம்பர்ஸ், தஸ்கா, ஸ்கூல் பஸ், டியூஷன், மருந்து, வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கு என்று வரிசையாக எழுதி, அப்பாவின் சம்பளச் சீட்டோடு கோர்ட் முன்னால் வைத்தால் எண் தானாக வரும்.

கொடுக்கும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது: கையில் காசு கொடுக்காதீர்கள். ஆன்லைன் டிரான்ஸ்பர், குறிப்பில் 'நஃப்கா' (ஜீவனாம்சம்), பிள்ளை பெயர், மாதம். பள்ளிப் பை, ஸ்கூல் ஷூ வாங்கிக் கொடுத்தால் அதற்கும் ரசீது. ஐந்து வருடம் ஒழுங்காகக் கையில் கொடுத்துவிட்டு, கொடுக்கவே இல்லை என்ற மனுவுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பது கொடுமை. அடுத்து, 'பிள்ளையைக் காட்டலை, அதனால காசு நிறுத்திட்டேன்' என்று ஒருபோதும் செய்யாதீர்கள். பார்க்கும் உரிமையும் ஜீவனாம்சமும் இரண்டு தனிக் கணக்கு. காசை நிறுத்தியவர் சந்திப்பு கேட்டு வரும்போது நீதிபதி முதலில் கேட்பது அந்த நிறுத்திய மாதத்தைப் பற்றித்தான்.

செத்த பிறகு யாருக்கு

உயில் எழுதாமல் அப்பா இறந்தால் 1958-ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் வரும். அதில் 'பிள்ளை' என்றால் சட்டப்படி பிறந்த பிள்ளை. செந்தூலில் ஒரு ஃபிளாட், ஒரு கார், பேங்க்கில் கொஞ்சம் பணம் வைத்துவிட்டு ஒருவர் போகிறார், தாலி கட்டியவளும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை, அவருடைய தாய்தகப்பன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கணக்கில் அவர் மனைவியும் பிள்ளையும் இல்லாதவர். எல்லாம் தாய்தகப்பனுக்கு. அவர்கள் நல்லவர்களாக இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஒரு குடும்பத்தின் கூரை மாமியாரின் நல்ல மனதில் தொங்குகிறது.

அம்மா சொத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பிள்ளையின் சட்டபூர்வ நிலையைப் பற்றிய 1961-ஆம் ஆண்டின் லெஜிட்டிமசி சட்டம், அம்மாவுக்குச் சட்டப்படி பிறந்த வேறு பிள்ளை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்கிறது.

அப்பாவுக்கு மருந்து, உயில். 'என் பிள்ளைகளுக்கு' என்று பொதுவாக எழுதினால் யார் பிள்ளை என்ற பழைய கேள்வி மறுபடி எழும். முழுப்பெயர், பிறப்புப் பத்திர எண் போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உங்கள் எதிரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் ஏதாவது பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால் அவருக்கு எழுதியது போய்விடும். வீட்டிலேயே எழுதுகிறவர்கள் தம்பியையும் தம்பி மனைவியையும் சாட்சி வைத்து, தம்பிக்கும் ஒரு பங்கு எழுதி மாட்டிக்கொள்வார்கள். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு டிரஸ்டியை எழுதுங்கள்.

இபிஎஃப் உயிலுக்கு வெளியே நிற்கிற பணம். அதில் நாமினி யாரோ அவருக்கே போகும். வேலைக்குச் சேர்ந்த 19 வயதில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் நிறைய. இன்றைக்கே திறந்து பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசிக்கும் அதே வேலை.

அம்மா வெளிநாட்டவர் என்றால்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, அவசரமானதும். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை, மூன்றாம் பகுதி, 17-ஆம் பிரிவு: பிள்ளை கல்யாணத்துக்கு வெளியே பிறந்திருந்தால், குடியுரிமை விஷயத்தில் அப்பா என்ற சொல்லை அம்மா என்று படிக்க வேண்டும். அம்மா மலேசியர், அப்பா வெளிநாட்டவர் என்றால் இந்த விதி பிள்ளைக்குக் கைகொடுக்கிறது. தலைகீழாக, அப்பா மலேசியர், அம்மா இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா என்றால் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை தானாக வராது. அப்பா பெயர் பத்திரத்தில் இருந்தாலும், 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று சிவப்புப் பத்திரம் வரும். ஐசி இல்லை. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம். ஸ்கூலில் ஒவ்வொரு வருடமும் கேள்வி.

'பிறந்த பிறகு ரெஜிஸ்டர் செய்துகொண்டால் சரியாகிவிடும்' என்று நம்பி நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். 2021 மே மாதம் நாட்டின் மேல்முடிவான ஃபெடரல் கோர்ட் இதைத்தான் ஆராய்ந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த பிள்ளை, அப்பா மலேசியர், பிறந்த ஐந்து மாதம் கழித்துத்தான் தாய்தகப்பன் திருமணம் பதிவானது. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர், பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு என்றார்கள். ஆகவே பதிவுத் திருமணம் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அம்மாவின் நாட்டுத் தூதரகத்தில் 'திருமணம் ஆகாதவர்' என்ற கடிதம் வாங்க சில வாரம், ஜேபிஎன் அறிவிப்பு 21 நாள், பாஸ்போர்ட்டும் விசாவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் தொடங்கினால்தான் நிம்மதி. எட்டாம் மாதம் வளைகாப்பு முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு, காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும் சிறப்பு லைசென்ஸ் கேட்பதுதான் மிச்சம் இருக்கும் வழி. விசா காலாவதி ஆகியிருந்தால் கவுண்டருக்குப் போகும் முன் லாயரைப் பாருங்கள்.

பிள்ளை ஏற்கெனவே பிறந்துவிட்டால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனு போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம், பதில் வர வருடக்கணக்கில் ஆகும். வயது வரம்பு 21 என்று இருந்ததை 18 ஆக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியது. பிள்ளை பெரியவனாகட்டும் என்று காத்திருக்கிற வேலையே வேண்டாம். மனு நிராகரிக்கப்பட்டாலும் மறுபடி போட நாள் வேண்டுமே. அடையாளப் பத்திரம் இல்லாத நம் பிள்ளைகளுக்கு மனு எழுதுவதில் மலேசிய டிஎச்ஆர்ஆர்ஏ அமைப்புக்குப் பழக்கம் உண்டு.

தத்து எடுத்தால் குடியுரிமை வந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. 1952-ஆம் ஆண்டின் தத்துச் சட்டத்தில் சொந்த அப்பாவே பிள்ளையைத் தத்தெடுக்க முடியும் என்பது உண்மை. மூன்று மாதமாவது பிள்ளை தொடர்ந்து அவரிடம் இருந்திருக்க வேண்டும், சமூக நல இலாகாவுக்கு மூன்று மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும். கிடைப்பது பெற்றோர் உரிமை. குடியுரிமை தனி வரிசை. கூடவே, அப்பா தனியாகத் தத்தெடுத்தால் அம்மாவுக்குச் சட்டத்தில் இருந்த உரிமை அறுந்துபோகும். அம்மா விட்டுப்போன இடத்தில் சரி. இருவரும் நல்லபடி வாழ்கிற வீட்டில் இதைச் செய்வது மடத்தனம்.

வேறொருவர் மனைவி

அம்மா தன் கணவனைப் பிரிந்து நாலு வருடம் ஆயிற்று, டிவோர்ஸ் மட்டும் எடுக்கவில்லை, அதற்குள் வேறொருவரோடு பிள்ளை. எவிடன்ஸ் ஆக்ட் 112-ஆம் பிரிவு, செல்லுபடியாகும் திருமணம் இருக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள் அம்மா மறுமணம் செய்யாத நிலையிலோ பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளையாகவே முடிவு செய்துவிடுகிறது. கருத்தரித்திருக்கக் கூடிய காலத்தில் இருவரும் நெருங்கவே வாய்ப்பில்லை என்று காட்டினால் மட்டுமே மாறும். பெற்ற அப்பா கவுண்டரில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாலும், ஜேபிஎன் கணினியில் அம்மாவின் கணவர் பெயர் வரும். இங்கே 13-ஆம் பிரிவு உதவாது. டிவோர்ஸ் முதலில், மற்றது பிறகு. 'நான்தான் கணவன்' என்று பொய்யாக எழுதிப் பதிவது குற்றம்.

இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் மேலே சொன்ன ஆக்ட் 164-உம் கார்டியன்ஷிப் சட்டமும் பொருந்தாது. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். அங்கே விதி முற்றிலும் வேறு.

சரிசெய்யும் வழி

இருவரும் மலேசியர், இருவரும் வேறு யாரையும் ரெஜிஸ்டர் செய்யவில்லை, சேர்ந்தே வாழ்கிறார்கள் என்றால் மேலே எழுதிய பாதிச் சிக்கலுக்கு ஒரே மருந்து ஜேபிஎன்னில் பதிவுத் திருமணம். மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை. ஜேபிஎன்.கேசி02 பாரம், ஐசி ஒரிஜினலும் நகலும், இருவர் படம். அந்த மாவட்டத்தில் 7 நாளாவது தங்கியிருக்க வேண்டும். 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவு. அறிவிப்பு கொடுத்து ஆறு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து. பதிவு நாளில் இரண்டு சாட்சிகள். பத்து வயது மகன் பக்கத்தில் நிற்க அப்பா அம்மா கையெழுத்துப் போடுவதைக் கவுண்டரில் யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். அவர்கள் இதைத் தினம் பார்க்கிறார்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பதிவு முடிந்தால் லெஜிட்டிமசி சட்டப்படி, அப்பாவின் நிரந்தர இருப்பிடம் மலேசியாவாக இருந்தால், பிள்ளை அந்தத் திருமண நாளிலிருந்து சட்டப்படியான பிள்ளை. பிறந்த நாளிலிருந்து அல்ல. அந்த நாளுக்கு முன் இறந்துபோன தாத்தாவின் சொத்தில் பின்னோக்கிப் போய்ப் பங்கு கேட்க முடியாது. இதோடு நிற்கக்கூடாது. பிறப்பைத் திரும்பப் பதியச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்: திருமணச் சான்றிதழ், இருவர் ஐசி, பிள்ளையின் பழைய பத்திரம். இதை மறக்கிறவர்கள் ஏராளம். திருமணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள், பழைய 13-ஆம் பிரிவுப் பத்திரம் அப்படியே இருக்கும். ஒரே வருகையில் கவுண்டரில் கேட்டு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

லாயருக்குப் பணம் இல்லாதவர்கள் ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்குச் (அரசின் சட்ட உதவி இலாகா) சம்பளச் சீட்டோடு போகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கேஎல்லிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் லீகல் எயிட் சென்டர் இருக்கிறது.

கடைசியாக, உயில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு ரெஜிஸ்டர் செய்கிறவர்களுக்கு. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, திருமணம் பழைய உயிலைச் செல்லாததாக்கிவிடும், அந்தத் திருமணத்தை மனதில் வைத்து எழுதியதாக உயிலிலேயே இருந்தாலொழிய. பிள்ளைகள் பெயரைப் பத்திர எண்ணோடு அவ்வளவு கவனமாக எழுதிய உயில், நீங்கள் ஜேபிஎன்னில் கையெழுத்துப் போட்டதுமே போய்விடுகிறது. புதிய பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த வாரமே, அதில் உள்ள விவரத்தோடு புது உயிலை எழுதுங்கள்.